கண்ணைக் கூசவைத்த படங்கள் – 9: ஈவாவின் மாடிப்படி

1975 மே மாத அமெரிக்க 'வோக்' இதழ் வெளியானதும் வாசகர்கள் சந்தாவை ரத்து செய்யத் தொடங்கினார்கள். இத்தனைக்கும் அந்தப் பக்கங்களில் இருந்தவை கோடைக்கால உடைகள்தான். மெல்லிய கவுன் அணிந்த லிசா டெய்லர் சோபாவில் கால்களை அகட்டிச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். சட்டை போடாத ஓர் ஆண் அவரைக் கடந்துபோகிறான். அவனை அவர் மேலும் கீழுமாக அளவெடுக்கிறார். ஒரு பெண் ஆணை அப்படிப் பார்த்ததுதான் குற்றம். துணி குறைந்ததைக் காட்டிலும் பார்வை இடம் மாறியதுதான் பலரை உறுத்தியது. எடுத்தவர் ஹெல்முட் நியூட்டன்.

அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸ் 'வோக்'கில் வந்த இன்னொரு படம்தான் இந்த வாரம் விரிவாக வரவேண்டியது. ஒப்ரியோ தெரு, நள்ளிரவு, ஆண் உடையில் ஒரு பெண். ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் 1966இல் பெண்களுக்கென்று தைத்த அந்த டக்சிடோவைப் பற்றி ஏழாம் அத்தியாயத்திலேயே பார்த்தாயிற்று. ஆனால் ஒப்ரியோ தெருவுக்குப் போகும் வழி பெர்லின் வழியாகத்தான் போகிறது. பெர்லினில் ஷ்லூட்டர் தெரு 45ஆம் எண் வீட்டில் ஒரு மாடிப்படி இருக்கிறது. அதன் கீழே வந்து நின்றால் சட்டென்று நகர முடிவதில்லை.

அந்த வீட்டில் ஒரு புகைப்பட ஸ்டூடியோ இருந்தது. அதன் சொந்தக்காரர் பெயர் ஈவா. அது அவர் படங்களில் போட்டுக்கொண்ட பெயர். இயற்பெயர் எல்சே எர்னஸ்டீன் நொய்லாண்டர். 1900 ஜனவரியில் பெர்லினில், ஒரு யூதக் குடும்பத்தில், ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். அம்மா தொப்பி செய்பவர். இந்தத் தகவலை விட்டுவிடக் கூடாது. தொப்பியின் விளிம்பு எந்தக் கோணத்தில் இறங்கினால் முகத்தில் நிழல் எங்கே விழும் என்பதை ஈவா எந்தப் புகைப்படப் பள்ளியில் கற்றிருக்க முடியும்?

25 வயதில் சொந்த ஸ்டூடியோ. இருபதுகளின் பெர்லினில் இருந்த பணவீக்கத்தையும் காபரேக்களையும் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெர்லின் பத்திரிகைகளின் நகரமாகவும் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊல்ஷ்டைன் நிறுவனம் மட்டும் சீமாட்டிகளுக்கு 'டீ டாமே', இளசுகளுக்கு 'ஊஹு', ஊருக்கெல்லாம் 'பெர்லினர் இல்லுஸ்ட்ரீர்டே' என்று வெளியிட்டுக்கொண்டிருந்தது. மூன்றும் படங்களுக்கு அலைந்தன. மூன்றிலும் ஈவா எழுந்து நின்றார்.

அவருடைய வித்தை அடுக்குப் பதிவு. ஒரே கண்ணாடித் தகட்டில் பல முறை ஒளிபாய்ச்சி, ஒரே நடனக்காரியை ஐந்தாறு உருவங்களாக ஒன்றுக்குள் ஒன்றாகக் கரைய விடுவார். கணினி கிடையாது, திருத்த வழி கிடையாது. ஒரு பதிவு பிசகினால் அன்றைய வேலை மொத்தமும் குப்பைக்கு. 1926இல் ஹைன்ஸ் ஹாயெக் ஹால்கே என்ற சக கலைஞரோடு கொஞ்ச காலம் கூட்டாக வேலை செய்தார். படங்களின் உரிமை யாருக்கு என்ற தகராறில் அது முறிந்தது.

பிறகு விளம்பரங்கள். பட்டுக் காலுறைக்கு அவர் எடுத்த படங்களில் முகம் இருக்காது, முழு உருவமும் இருக்காது. இரண்டு கால்கள், வழுவழுப்பின் மேல் ஓடும் ஓர் ஒளிக்கோடு, பின்னணியில் இருட்டு. விற்பனைச் சரக்கு காலுறைதான், ஆனால் வாசகரின் கண்ணை நிறுத்தியது வேறொன்று என்பது விளம்பரம் கொடுத்தவருக்கும் தெரியும், ஈவாவுக்கும் தெரியும். கவர்ச்சியும் காமமும் கலந்த ஃபேஷன் படம் என்றவுடன் எழுபதுகளின் பாரிஸைக் கைகாட்டுகிறவர்கள் இந்தக் கால்களைப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் செய்தார். 'ஊஹு'வில் படக்கதைகள் வந்தன. துணிக்கடையிலும் அலுவலகத்திலும் வேலை பார்க்கும் பெருநகரப் பெண்கள், அவர்களுடைய முன்னேறும் ஆசை, காதல், ஏமாற்றம் எல்லாம் வரிசைப் படங்களாக. ஈவாவின் பெண்களுக்குத் தூக்கிப் போகக் கைப்பை மட்டுமல்ல, போய்ச் சேர ஓர் அலுவலகமும் இருந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1934இல் ஸ்டூடியோ ஷ்லூட்டர் தெருவுக்கு மாறியது. பத்துப் பேர் வேலை செய்யும் பெரிய இடம். உள்ளேயே இருந்த மாடிப்படியை ஈவா விடவில்லை. மாடல்கள் அதில் இறங்கினார்கள், கைப்பிடியில் சாய்ந்தார்கள், நீள அங்கியின் வாலைப் படிகளில் பரப்பினார்கள். காலம் மட்டும் தலைகீழாகிவிட்டிருந்தது. ஹிட்லர் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. பெர்லினின் ஆயத்த ஆடைத் தொழில் ஹவுஸ்ஃபோக்டை சதுக்கத்தைச் சுற்றி யூத முதலாளிகளின் கையில்தான் செழித்திருந்தது. அதை அவர்களிடமிருந்து பிடுங்குவதற்கென்றே 1933இல் 'அடேஃபா' என்று ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். லிப்ஸ்டிக் பூசிய நகரத்துப் பெண்ணின் இடத்தில் பின்னல் போட்ட கிராமத்துத் தாயை உட்காரவைக்கும் வேலையும் கூடவே நடந்தது. ரசனை கெட்டவர்கள் அதிகாரத்துக்கு வந்தால் முதலில் கைவைப்பது பெண்ணின் அலங்காரத்தில்தான்.

இந்தச் சூழலில், 1936இல், பொத்தான் ஆலை முதலாளி ஒருவரின் மகன் அங்கே எடுபிடியாகச் சேர்ந்தான். பெயர் ஹெல்முட் நொய்ஸ்டாட்டர், வயது 16க்குள். பன்னிரண்டு வயதில் அக்ஃபா பெட்டிக் கேமரா வாங்கி, முதல் பிலிம் ரோலைச் சுரங்க ரயிலுக்குள் சுட்டுத் தீர்த்தவன். கறுப்பைத் தவிர ஒன்றும் விழவில்லை. மேலே வந்து எடுத்த வானொலிக் கோபுரம் ஒன்றுதான் தேறியது. படிப்பு ஏறவில்லை. புகைப்படம் பிழைப்பாகுமா என்பது அப்பாவின் கவலை. பையனுக்கோ ஈவா தெய்வம். 2003இல் வந்த சுயசரிதையிலும் அவரை ஆராதனையோடுதான் எழுதினார்.

அதே 1936இல் ஈவா ஸ்டூடியோவின் உரிமையை யூதரல்லாத ஒரு தோழியின் பெயருக்கு மாற்றிப் பார்த்தார். இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்தது. 1938இல் தொழில் செய்யவே தடை வந்தது, ஸ்டூடியோ மூடப்பட்டது. பிறகு பெர்லின் யூத மருத்துவமனையில் எக்ஸ்-ரே உதவியாளர் வேலை. ஜெர்மனியில் முதல் வரிசையில் நின்ற ஒரு ஃபேஷன் கலைஞருக்குக் கிடைத்த கேமரா அதுதான். 1942 ஜூனில் கெஸ்டபோ அவரையும் கணவர் ஆல்ஃப்ரெட் சைமனையும் பிடித்துப் போலந்துக்குப் போகும் ரயிலில் ஏற்றியது. இருவரும் திரும்பவில்லை. ஷ்லூட்டர் தெரு வீட்டில் கலைஞர்களைக் கட்டிமேய்த்த நாஜிப் பண்பாட்டு அலுவலகம் குடியேறியது. போர் முடிந்ததும், எந்தக் கலைஞர் நாஜிகளோடு எவ்வளவு ஒட்டினார் என்று விசாரிக்கும் அலுவலகம் வந்ததும் அதே வீட்டில்தான். அப்புறம் அது 'போகோட்டா' என்ற ஹோட்டல் ஆகி, 2013இல் மூடும்வரை நடந்தது.

நொய்ஸ்டாட்டர் தப்பித்தார். யூதர்களுக்கு எதிரான 1938 நவம்பர் கலவரத்தில் அப்பாவைப் பிடித்து முகாமில் அடைத்து விடுவித்தார்கள். டிசம்பர் 5 அன்று 18 வயதுப் பையன் இரண்டு கேமராக்களோடு திரியெஸ்தே துறைமுகத்தில் 'கொன்டே ரோஸ்ஸோ' கப்பல் ஏறினான். சீனா போகவேண்டியவன் சிங்கப்பூரில் இறங்கிவிட்டான். அங்கே 'ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ்' நாளிதழில் வேலை கிடைத்தது, இரண்டு வாரத்தில் போனது. பிரமுகர் கைகுலுக்கி முடித்த பிறகுதான் இவன் ஃபோகஸ் பார்த்து முடிப்பானாம். 1940இல் ஆங்கிலேயர்கள் அவரை எதிரி நாட்டவர் என்று பிடித்து 'குயின் மேரி' கப்பலில் ஆஸ்திரேலியா அனுப்பினார்கள். டாட்டுரா முகாம், பழத்தோட்ட வேலை, ராணுவத்தில் லாரி ஓட்டும் வேலை. 1946இல் பெயரை நியூட்டன் என்று மாற்றி மெல்போர்னின் ஃபிளிண்டர்ஸ் லேனில் ஸ்டூடியோ திறந்தார். 1948இல் ஜூன் பிரவுன் என்ற நடிகையை மணந்தார். (அந்த ஜூன் 1970இல் கணவர் காய்ச்சலில் படுத்தபோது அவருக்குப் பதிலாக ஒரு சிகரெட் விளம்பரத்தை எடுக்கப்போய், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற பெயரில் தனிப் புகைப்படக் கலைஞரானார். அவரைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம்.) 1961இல் பாரிஸ். 1971இல் நியூயார்க்கில் மாரடைப்பு. பிழைத்து எழுந்தவர், இனித் தனக்குப் பிடித்த படங்களைத்தான் எடுப்பது என்று கிளம்பினார். அவருக்குப் பிடித்தவை பெர்லினில் பார்த்தவை.

ஒப்ரியோ தெருவுக்கு மிச்சமிருக்கும் இடம் கொஞ்சம்தான். மாரே பகுதியில் நியூட்டன் குடியிருந்த தெரு அது. தெருவிளக்கு வெளிச்சம், கல் பாவிய தரை. படிய வாரிய தலை, ஒரு கை பேன்ட் பையில், மறு கையில் சிகரெட் என்று வீபெக்கே நுட்சன் நிற்கிறார். இரவுப் பாரிஸை இப்படி எடுக்கப் புகைப்படக் கலைஞர் பிரசாய் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். சரிதான். ஆனால் அந்தப் பெண்ணை யார் அனுப்பினார்கள்? கிராப்பு வெட்டி, டை கட்டி, தனியாக இரவில் நடக்கும் பெண் இருபதுகளின் பெர்லினில் தினசரிக் காட்சி. 1930இல் 'மொராக்கோ' படத்தில் மார்லேன் டீட்ரிச் ஆண்களின் கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து வந்தபோது ஹாலிவுட் வாய்பிளந்தது, பெர்லின்காரர்கள் தங்கள் ஊர்ப் பெண்ணை அடையாளம் கண்டார்கள். அந்த இரவில் நியூட்டன் இன்னொரு படமும் எடுத்தார். டக்சிடோ பெண்ணின் அருகே, தொப்பியும் குதிகால் செருப்பும் தவிர ஏதுமற்ற ஒருத்தி. உலகம் கொண்டாடுவது முதல் படத்தைத்தான், கொண்டாட வேண்டியதும் அதுதான். கழுத்துவரை பொத்தான் போட்ட பெண் அவ்வளவு கிளர்ச்சி தருவாள் என்றால், பக்கத்தில் நிர்வாணம் எதற்கு?

அந்தக் கேள்விக்கு அடுத்த பல ஆண்டுகள் நியூட்டன் காதுகொடுக்கவில்லை. 1976இல் ஒரு பெண்ணைக் கட்டிலில் கையும் காலும் ஊன்றவைத்து முதுகில் குதிரைச் சேணம் பூட்டி எடுத்தார். அவருடைய தீவிர ரசிகர்களே இந்தப் படம் வரும்போது தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். 1981இல் நான்கு பெண்கள் நேராக நம்மை நோக்கி நடந்து வருகிறார்கள், ஒரு படத்தில் உடையோடு, மறு படத்தில் உடையில்லாமல். அதே காலத்து ஆளுயர 'பிக் நியூட்ஸ்' படங்களுக்குத் தூண்டுதல் ஜெர்மன் போலீஸ் தீவிரவாதிகளை அடையாளம் காண வைத்திருந்த ஆளுயரப் படங்கள். இங்கே பெண்கள் பலசாலிகள், சந்தேகமில்லை. பயமும் மூட்டுகிறார்கள். ஆனால் ஈவாவின் பெண்களுக்கு இருந்த அலுவலகம் இவர்களுக்கு இல்லை. இவர்களிடம் நிற்கும் தோரணையும் யாரோ பில் கட்டும் ஹோட்டல் அறையும் மட்டும் இருக்கின்றன. குருவிடமிருந்து ஒளியை வாங்கிக்கொண்ட சீடர், கதையை அங்கேயே விட்டுவிட்டார்.

1979இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் எழுத்தாளர் சூசன் சான்டாக் அவர் முகத்துக்கு நேரே இவை பெண் வெறுப்புப் படங்கள் என்றார். தனக்குப் பெண்களைப் பிடிக்கும் என்று நியூட்டன் சமாளித்தார். எஜமானர்களுக்கு அடிமைகளைப் பிடிக்கத்தான் செய்யும் என்கிற தொனியில் சான்டாக் மடக்கினார். அந்த வாதத்தில் ஜெயித்தவர் சான்டாக். ஆனால் கிரேஸ் ஜோன்ஸ், சார்லட் ராம்ப்ளிங் போல அவர் முன் நின்ற பெண்கள் பலர், 2020இல் வந்த ஆவணப்படத்திலும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. இதையும் ஒதுக்க முடியாது.

ஜெர்மனியில் சண்டை கோர்ட்டுக்கே போனது. 1978இல் பெண்ணியவாதி ஆலிஸ் ஷ்வார்சரும் மற்றும் சிலரும் 'ஷ்டெர்ன்' பத்திரிகையின் அட்டைப்படங்கள் பெண்களை இழிவுபடுத்துவதாக வழக்குப் போட்டார்கள். சங்கிலி பூட்டிய கிரேஸ் ஜோன்ஸை நியூட்டன் எடுத்த அட்டையும் அதில் உண்டு. வழக்கு தோற்றது. 1993இல் ஷ்வார்சர் தன் 'எமா' பத்திரிகையில் நியூட்டனின் 19 படங்களை அனுமதி கேட்காமலே அச்சிட்டு, இவை பெண்ணுக்கு எதிரானவை, நிறவெறியும் பாசிசமும் தொனிப்பவை என்று விளாசினார். நாஜிகளிடமிருந்து உயிர்பிழைத்து ஓடிய ஒருவரைப் பாசிசத்தோடு சேர்த்துப் பேசியது வரம்பு மீறல். நியூட்டனின் புத்தக வெளியீட்டாளர் வழக்குத் தொடுத்தார். 1994இல் மியூனிக் நீதிமன்றம், விமர்சனத்துக்கு மேற்கோளாக 19 முழுப் படங்கள் தேவையில்லை, எமா பணம் கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. படங்கள் பெண்ணை இழிவுபடுத்துகின்றனவா என்று நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது பதிப்புரிமையை. ஹாயெக் ஹால்கேயோடு ஈவா மோதியதும் இதே விஷயத்துக்காகத்தான்.

அடுத்த வாரம் கி பூர்தேன். 1955 பாரிஸ் 'வோக்'கில், இறைச்சிக் கடையில் தொங்கிய கன்றுத் தலைகளுக்குக் கீழே தொப்பி அணிந்த மாடலை நிறுத்தியவர்.