செப்புத் தகட்டின் சொந்தக்காரர்

லண்டன் மாநகரில் லெஸ்டர் பீல்ட்ஸ் என்னும் சதுக்கத்தில், பொன் நிறத் தலை ஒன்றை வாசலில் அடையாளமாக மாட்டியிருந்த ஒரு வீட்டில், வில்லியம் ஹோகார்த் என்ற சித்திரக்காரர் 1735ஆம் ஆண்டின் முற்பாதியில் எட்டு ஓவியங்களைப் பார்வைக்கு வைத்திருந்தார். தகப்பன் சேர்த்து வைத்த சொத்தை ஒரு வாலிபன் சூதிலும் கேளிக்கையிலும் கரைத்து, கடன்காரர் சிறையைக் கண்டு, கடைசியில் பைத்தியக்கார விடுதியில் வந்து விழும் கதையை அவை வரிசையாகச் சொல்லின. அவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்பதே அவருடைய நோக்கம். வருகிறவர்கள் ஓவியங்களைப் பார்த்து, முன்பணம் கட்டிவிட்டுப் போய், அச்சுப் பிரதி வெளிவந்ததும் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. வந்தவர்களுள் சிலருக்கு முன்பணம் கட்டும் எண்ணமே இல்லை. நகரத்துச் சித்திரக் கடைக்காரர்கள் சிலர், பசியால் வாடிய ஆட்களைக் கூலிக்குப் பிடித்து, ரசிகர்களைப் போல அந்த வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பி, ஞாபகத்திலிருந்தே வரைந்து கொடுக்க, அசல் வெளிவருவதற்கு முன்பே போலி கடைக்கு வந்துவிட்டது. ஹோகார்த் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து இதைக் கண்டித்தார்.

ஒருவன் மற்றொருவனுடைய சிருஷ்டியைக் கண்ணால் பார்த்து, மனத்தில் வாங்கி, திரும்ப எழுதினால் அது கல்வியா களவா என்ற கேள்வி, ஆகவே, படம் வரையும் ஏ.ஐ. யந்திரங்கள் வந்த பிறகு முளைத்த கேள்வி அல்ல. அந்த யந்திரங்களை நடத்தும் கம்பெனிகள் இன்று நியாயஸ்தலங்களில் கூறும் சமாதானத்தை அந்தக் கடைக்காரர்களும் கூறியிருக்கலாம்: எவருடைய தகட்டையும் நாங்கள் எடுக்கவில்லை; பார்த்தோம், கற்றோம், புதிதாகச் செய்தோம். இதற்குச் சட்டம் ஐந்நூறு ஆண்டுகளாக என்ன விடை சொல்லி வந்திருக்கிறது என்பதை அறியச் செப்புத் தகட்டுத் தொழிலின் சரித்திரம் நமக்கு நன்றாக உதவும்.

அந்தத் தொழில் எளியதன்று. மெருகிட்ட தகட்டின்மேல் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் அதைக் கீறி, கீறிய இடத்தை மட்டும் திராவகம் அரிக்கும்படி விடுவது ஒரு முறை. கூரிய சிற்றுளியை உள்ளங்கையில் தாங்கி, தகட்டைத் திருப்பித் திருப்பிக் கோடு கோடாகச் செம்பைச் சீவி எடுப்பது மற்றொரு முறை. தேர்ந்தவர்கள் இரண்டையும் கலந்தே கையாண்டார்கள். பிறகு பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரப்படுத்திய காகிதத்தை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்தால், தகட்டில் இடப்புறம் இருந்தது காகிதத்தில் வலப்புறமாக விழும். ஆதலால் அசலைச் செதுக்குகிறவர், தாம் நினைத்தபடி படம் வர வேண்டுமானால், எல்லாவற்றையும் இடவலம் மாற்றியே செதுக்க வேண்டும். கள்ளப் பிரதி செய்கிறவனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அச்சான தாளை எதிரே வைத்துக்கொண்டு கண்டது கண்டபடி செதுக்கினால் போதும். அவன் பிரதியில் வலக்கைக்காரன் இடக்கைக்காரனாகிப் போவான். பாதி விலைக்கு வாங்குகிறவன் அதைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறான்?

இந்தத் துன்பத்தைப் பகிரங்கமாகப் பேசிய பெரும் கலைஞர்களுள் முற்பட்டவர், ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்தவரான ஆல்பிரெக்ட் டூரர். அவருடைய அச்சுச் சித்திரங்களை அவர் தாயார் உள்ளூர்ச் சந்தையிலும், மனைவி ஆக்னெஸ் பிராங்க்பர்ட் சந்தையிலும் விற்றார்கள் என்றால், அது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு முக்கியமான ஜீவனம் என்பது விளங்கும். தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டில், பெரிய எழுத்தின் கால்களுக்கு நடுவே சிறிய எழுத்து நிற்கும்படி அவர் அமைத்துக்கொண்ட முத்திரை ஐரோப்பா முழுவதும் பிரசித்தி பெற்றது. மார்க்கண்டோனியோ ராய்மொண்டி என்னும் இத்தாலியர் டூரருடைய மரச்செதுக்குப் படங்களைச் செம்பில் அப்படியே பெயர்த்து, முத்திரையையும் சேர்த்தே செதுக்கி விற்றார். டூரர் வெனிஸ் நகரத்துக்கே சென்று அரசாங்கத்திடம் முறையிட்டதாகவும், இனி அந்த முத்திரையைப் போடக்கூடாது என்ற உத்தரவு ஒன்றே அவருக்குக் கிடைத்ததாகவும் கலைஞர்களின் சரிதங்களை எழுதிய வசாரி என்பவர் எழுதி வைத்திருக்கிறார். வசாரியின் கதைகளில் ருசி மிகுதி, துல்லியம் குறைவு என்பது அறிஞர்களின் அபிப்பிராயம். ஆயினும் 1512ஆம் ஆண்டு ஜனவரியில் நூரம்பர்க் நகர சபை செய்த தீர்மானம் கதையல்ல, பதிவேட்டில் உள்ளது. நகர மண்டபத்தின் அருகே அயலூரான் ஒருவன் டூரரின் முத்திரையோடு கூடிய போலிப் படங்களை விற்று வந்தான். முத்திரைகளை அகற்றிவிட வேண்டும், தவறினால் சரக்கு பறிமுதலாகும் என்று சபை கட்டளையிட்டது. படங்களை விற்கக் கூடாது என்று மட்டும் அது சொல்லவில்லை!

அதற்கு முந்திய ஆண்டில்தான் டூரர் தம் நூல்களின் இறுதியில், பிறர் உழைப்பையும் புத்தியையும் களவாடுவோரை எச்சரித்து, மாக்சிமிலியன் சக்கரவர்த்தி தமக்கு அளித்த பாதுகாப்பையும் எடுத்துக் காட்டிக் கடுமையான வாசகம் ஒன்றை அச்சிட்டிருந்தார். ஆக, சக்கரவர்த்தியின் தயவு பெற்றவருக்கும் சொந்த ஊரில் கிடைத்தது பெயரின் பாதுகாப்பு மட்டுமே. வாங்குகிறவன் ஏமாறக்கூடாது என்று சபை கவலைப்பட்டது; வரைந்தவனுடைய கைவேலை களவு போனதைப் பற்றி அது கவலைப்படவில்லை. என் எண்ணத்தில், சட்டம் இன்றுவரை மீண்டும் மீண்டும் சரிந்து விழும் பள்ளம் இதுதான்.

அந்தப் பள்ளத்திலிருந்து அதை ஒருமுறை மேலே இழுத்தவர் ஹோகார்த். வெள்ளிப் பாத்திரங்களில் சின்னம் செதுக்கும் தொழிலில் பயிற்சி பெற்ற அவர், 1724இல் வெளியிட்ட கேலிச் சித்திரம் ஒன்றை ஒரு ஷில்லிங்குக்கு விற்கப் புறப்பட்டபோது, அதன் போலிகள் பாதி விலைக்கு ஏற்கெனவே கடைகளில் தொங்கக் கண்டார். 1732இல் ‘ஒரு விலைமாதின் வாழ்க்கை’ என்னும் ஆறு படத் தொகுதியைக் கடைக்காரர்களை ஒதுக்கித் தாமே ஒரு கினி விலைக்கு விற்றார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முன்பணம் கட்டினார்கள். கள்ளப் பிரதிகளும் பலவாகப் பெருகின. அதன் பிறகு அவர் வியாஜ்யத்தை நம்பவில்லை, ஏனெனில் வழக்குத் தொடர அவருக்குச் சட்டமே இல்லை. 1710 முதல் நடைமுறையில் இருந்த ஆனி அரசியின் சட்டம் புத்தகங்களுக்கு மட்டுமே உரியது. எனவே ஜார்ஜ் வெர்ட்யூ, ஜான் பைன், ஜார்ஜ் லாம்பர்ட் முதலிய சக கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் செய்தார். அவர்கள் தரப்பில் வெளிவந்த சிறு பிரசுரம் வர்த்தகத்தின் உள்மர்மத்தையே பிட்டு வைத்தது: சித்திரக்காரன் கடைக்காரன் சொன்ன அற்ப விலைக்குத் தகட்டைக் கொடுத்தாக வேண்டும், கொடுக்க மறுத்தால், அதே படத்துக்குப் போலி செய்விக்கக் கடைக்காரனுக்கு எவ்விதத் தடையும் இல்லை. மறுக்க முடியாதவன் விலை பேச முடியாது என்ற பொருளாதார உண்மையை இவ்வளவு தெளிவாக உணர்த்திய கலைஞர் விண்ணப்பம் வேறொன்றை நான் அறியேன்.

சட்டம் நிறைவேறிற்று. சுயமாகக் கற்பித்துச் செதுக்கிய படத்துக்குப் பதினான்கு ஆண்டு உரிமை. களவாடியவனுடைய தகடும் தாள்களும் பறிமுதல், கைப்பற்றிய தாள் ஒன்றுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். உரிமையாளர் பெயரும் தேதியும் ஒவ்வொரு தகட்டிலும் பொறிக்கப்பட வேண்டும். 1735 ஜூன் 24ஆம் தேதி அது அமலுக்கு வரும்வரை தம் எட்டுப் படங்களை வெளியிடாமல் பொறுத்திருந்து, மறுநாளே ஹோகார்த் வெளியிட்டார். பெருந்தொகை கொடுக்க இயலாத ஜனங்களுக்காக அந்த எட்டையும் சிறிய அளவில் பெயர்த்து, இரண்டரை ஷில்லிங் விலைக்கு விற்க தாமஸ் பேக்வெல் என்னும் வியாபாரிக்கு அவரே அனுமதியும் கொடுத்தார். மலிவுப் பிரதிக்கு அவர் விரோதியல்லர். அதை யார் செய்வது, எப்படிச் செய்வது என்பதைத் தாமே தீர்மானிக்க விரும்பினார், அவ்வளவுதான்.

ஆயினும் அந்தச் சட்டத்தின் குடையும் சிறியதே. பிறர் ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கிய தொழிலாளிகள், தொகையில் மிகுந்தவர்களாயிருந்தும், அதற்கு வெளியே மழையில் நின்றார்கள். 1767இல் வந்த திருத்தச் சட்டமே அவர்களை உள்ளே அழைத்து, காலத்தையும் இருபத்தெட்டு ஆண்டாக்கி, அப்போது விதவையாயிருந்த ஜேன் ஹோகார்த்துக்குக் கணவர் படங்களின்மேல் இருபது ஆண்டுத் தனியுரிமையும் அளித்தது. ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் இங்கிலாந்தில் சட்டக் காப்பு 1862இல்தான் கிடைத்தது என்பது கேட்பதற்கு விந்தையாகவே இருக்கும்.

யந்திரத்தால் தொழில் அழிவதும் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பத்திரிகைப் படங்களை மரக்கட்டையில் செதுக்கிக் கொடுத்துச் செழித்திருந்த டால்ஸியல் சகோதரர்களின் ஸ்தாபனம், புகைப்படத்தையே நேராக அச்சுக்குக் கொண்டுவரும் முறைகள் பரவியதும், 1893இல் கடனில் மூழ்கிற்று. அந்தச் செதுக்காளர்களுடைய நஷ்டம் பரிதாபத்துக்குரியது. ஆனால் அதை அநீதி என்று நான் சொல்லத் துணியேன். அவர்களுடைய கட்டைகளைத் திருடி அந்தப் புகைப்படக் கருவி செய்யப்படவில்லை. ஒளியும் ரசாயனமும் கண்ணாடி வில்லையுமே அதன் மூலதனம். ஏ.ஐ. சித்திர யந்திரத்தின் கதை அப்படியல்ல. 2022இல் வெளிவந்த ‘ஸ்டேபிள் டிஃப்யூஷன்’ என்னும் யந்திரம், லையான் என்ற ஜெர்மானிய ஸ்தாபனம் இணையத்திலிருந்து தொகுத்த படப் பட்டியல்களைக் கொண்டு பழக்கப்பட்டது. அந்த ஸ்தாபனத்தின் பெரும்பட்டியலில் படமும் அதன் விவரணையுமாக 585 கோடி ஜோடிகள் உண்டு. ஒவ்வொரு படத்தையும் படிப்படியாகப் புள்ளிச் சிதறலால் குலைத்து, குலைந்ததைச் சீராக்க யந்திரத்தைப் பழக்கி, பழகிய பின்னர் வெறும் சிதறலிலிருந்தே சொன்ன சொல்லுக்கேற்ற உருவத்தை எழுப்பச் செய்வது அதன் முறை. படங்களை நீக்கிவிட்டால் அந்த யந்திரத்துக்குச் சித்திரம் தெரியாது. உழைப்பாளியின் பிழைப்பைப் பறிக்கும் கருவி அவனுடைய உழைப்பிலிருந்தே, அவனைக் கேளாமலே, வார்க்கப்பட்டது என்பதுதான் டால்ஸியல் கதைக்கும் இதற்கும் உள்ள பேதம்.

முத்திரை விஷயத்திலும் ஒரு தலைகீழ் மாற்றம். போலந்து தேசத்தவரான கிரெக் ருட்கோவ்ஸ்கி, பறக்கும் நாகங்களையும் மாயப் போர்க்களங்களையும் வரைகிறவர். யந்திரத்துக்கு இடும் கட்டளையில் அவருடைய பெயரைச் சேர்த்துக்கொண்டால் படம் சிறக்கிறது என்று கண்டு கணக்கற்ற ஜனங்கள் 2022இல் அவ்விதமே செய்தார்கள். டூரர் காலத்துக் கள்வன் படத்தின்மேல் பெயரைப் பொறித்தான், சபை அவனைப் பிடித்தது. இக்காலத்தில் பெயர் கட்டளையில் நுழைந்து, படத்தில் காணாமல் போகிறது; பெயரைக் காக்கும் சட்டம் பிடிப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை.

2025 நவம்பரில் லண்டன் உயர் நியாயஸ்தலம் அளித்த தீர்ப்பைப் படித்தபோது எனக்கு நூரம்பர்க் நகர சபையே நினைவுக்கு வந்தது. கெட்டி இமேஜஸ் என்னும் புகைப்பட ஸ்தாபனம், தன் படங்களை எடுத்து யந்திரத்தைப் பழக்கியதாக ஸ்டெபிலிட்டி ஏ.ஐ. கம்பெனியின்மீது வழக்கிட்டிருந்தது. பழக்கியது இங்கிலாந்தில்தான் என்று நிரூபிக்க இயலாமையால் அந்த முக்கியக் குறையை வாதியே விசாரணையின் நடுவில் கைவிட நேர்ந்தது. யந்திரம் படப் பிரதி எதையும் தன்னுள் சேமித்து வைப்பதில்லை ஆதலால் அதையே கள்ளப் பிரதியாகக் கொள்வதற்கில்லை என்று நியாயாதிபதி முடிவு செய்தார். வாதிக்குச் சிறிது வெற்றி கிட்டியது ஒரே விஷயத்தில்: யந்திரம் வெளியிட்ட சில படங்களில் கெட்டியின் நீர்க்குறி சிதைந்த உருவில் தோன்றியதால், வியாபார முத்திரை மீறப்பட்டது என்று தீர்ப்பாயிற்று. ஐந்நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் முத்திரைக்கே நியாயம்! கலிபோர்னியாவில் மூன்று சித்திரக்காரர்கள் 2023இல் தொடுத்த வழக்கிலோ, கைவேலையின் உரிமை பற்றிய குறைகள் விசாரிக்கத் தக்கவையே என்று 2024இல் நீதிபதி அனுமதி அளித்தார்.

நம் நாட்டுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஹோகார்த் தொடங்கி வைத்த சட்டங்களையெல்லாம் ஒன்றாகத் திரட்டிய 1911ஆம் ஆண்டின் ஏகாதிபத்தியச் சட்டத்தைத் தழுவியே 1914இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பிறந்தது. அதற்குப் பதிலாக வந்தது இன்று நடப்பிலுள்ள 1957ஆம் ஆண்டுச் சட்டம். 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை வெளியிட்ட ஆலோசனை அறிக்கை, ஏ.ஐ. கம்பெனிகள் சட்டப்படி கைக்கு எட்டும் எல்லாப் படைப்புகளையும் யந்திரங்களைப் பழக்க எடுத்துக்கொள்ளலாம் என்றும், அதற்கு ஈடாக ஒரு பொது அமைப்பின் மூலம் படைப்பாளிகளுக்குப் பங்குத்தொகை செலுத்த வேண்டும் என்றும் யோசனை கூறுகிறது. தொகை கொடுக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது மெச்சத் தக்கதே. ஒன்றும் கொடாமல் எடுத்துச் செல்வதைக் காட்டிலும் இது எத்தனையோ மேல். ஆயினும், என் படத்தைத் தரமாட்டேன் என்று சொல்லும் உரிமை இந்த யோசனையின்படி படைப்பாளிக்கு இல்லை. பேக்வெல்லுக்குச் சம்மதம் தந்து, மற்றவர்களுக்கு மறுத்த ஹோகார்த்தின் நிலை வேறு. நம் ஓவியர்களும், புகைப்படக்காரர்களும், பத்திரிகைக்கும் புத்தக அட்டைக்கும் படம் வரைந்து பிழைக்கும் பல்லாயிரம் பேரும், இது சட்டமாக உறைவதற்கு முன்பே ஒன்றுகூடி, மறுக்கும் உரிமையும் தங்களுக்கு வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் செய்துகொள்ள வேண்டும்.