வள்ளல் அழகப்பர்: 48 வயதுக்குள் ஒரு பெருவாழ்வு



நிலத்தைத் தானமாகக் கொடுப்பது என்றால் என்ன என்று நெய்வேலிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1930-களில் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரும்பொருள் வருவதைப் பார்த்து அரசுக்குத் தெரிவித்தவர் ஜம்புலிங்க முதலியார். பிறகு நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தையும் கொடுத்தார். இந்த ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த கதை இது. அதே தலைமுறையில், தெற்கே காரைக்குடியிலும் ஒருவர் 300 ஏக்கரைத் தூக்கிக் கொடுத்தார். அவர்தான் அழகப்பச் செட்டியார். வணிகவியல் படிக்கிற நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர்.

1909 ஏப்ரல் 6 அன்று காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தார். குடும்பத் தொழிலைப் பார்க்க அது போதும். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். அங்கேயே வங்கியில் பயிற்சி பெற்றார். அதுவும் போதாதென்று விமானம் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கினார்! எல்லாம் இருபதுகளின் நடுவில். கிட்டத்தட்ட நம் வயதுதான்.

ஊர் திரும்பியதும் கொச்சி சமஸ்தானத்துப் புதுக்காட்டில் நூற்பாலை தொடங்கினார். இன்றும் அந்தப் பகுதிக்கு அழகப்பநகர் என்றுதான் பெயர். பிறகு பல தொழில்களில் இறங்கினார். ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தினார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. கை வைத்ததெல்லாம் பொன்னான கதை இல்லை இது. விழுந்தாலும் அடுத்ததைத் தொடங்கியவரின் கதை.

சரி, துணிச்சல் இருந்தது, சம்பாதித்தார். இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அவர் கொடுத்த விதத்தில்தான் இருக்கிறது விஷயம்.

நகரத்தார் கணக்கில் 'மகமை' என்று ஒன்று உண்டு. வியாபாரத்தில் ஒரு பங்கை அறத்துக்கென்று தனியாக எழுதி வைப்பது. லாபம் போக மிஞ்சினால் பார்க்கலாம் என்பதல்ல, கணக்கிலேயே அதற்கு ஓர் இடம் உண்டு. அந்தப் பணத்தில் கோயில் திருப்பணி நடந்தது, சத்திரங்கள் எழுந்தன. அடுத்த கட்டமாகக் கல்வி வந்தது. நம் பக்கத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் உருவானது. அழகப்பர் இந்த மரபில் வந்தவர்தான். ஆனால் வேகம் அவருடையது.

1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கல்லூரி அமைக்க 5 லட்ச ரூபாய் கொடுத்தார். அதுதான் கிண்டியில் இன்றும் இருக்கும் ஏ.சி. டெக். அப்போது அவருக்கு வயது 35. 1947-ல் ஒரு கூட்டத்தில் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், சிற்றூர்ப் பக்கங்களிலும் கல்லூரி வர வேண்டும் என்று வேண்டுகோள் வைத்தார். காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்றார் அழகப்பர். அதே ஆண்டில் கல்லூரி வந்தேவிட்டது!

அடுத்தது இன்னும் பெரிது. சுதந்திர இந்தியா தேசிய ஆய்வுக்கூடங்களைக் கட்டத் தொடங்கிய நேரம். டெல்லி, புனே போன்ற ஊர்களுக்குத்தான் அவை போய்க்கொண்டிருந்தன. மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தால் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் தருகிறேன் என்று முன்வந்தார் அழகப்பர். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மின்கலம், உலோக அரிமானம் என்று இன்றும் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. மழை குறைந்த அந்தச் செம்மண் பூமிக்கு விஞ்ஞானிகள் வந்து குடியேறினார்கள். இதற்கிடையே 1950-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-ல் பொறியியல் கல்லூரி என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

வெள்ளையர் அரசு கொடுத்த 'சர்' பட்டத்தை விடுதலைக்குப் பின் துறந்தார். 1956-ல் பத்மபூஷண் கிடைத்தது. நோயோடு போராடி 1957 ஏப்ரல் 5 அன்று மறைந்தார். மறுநாள் 48-வது பிறந்தநாள்.

"கையில காசு இருந்துச்சு, கொடுத்தாரு" என்று சிலர் சொல்லலாம். நாம் படிக்கிற பாடத்தை வைத்தே யோசித்துப் பாருங்கள். முப்பத்தைந்து வயதில் ஒரு தொழிலதிபர் கையில் இருப்பது ஓய்வுக்காலச் சேமிப்பு அல்ல, நாளைய முதலீடு. அந்த 5 லட்சத்தில் இன்னொரு தொழில் தொடங்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டுத்தான் கொடுத்தார். எல்லாம் சம்பாதித்து முடித்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால், அவருக்கு அந்த 'பிறகு' வந்திருக்கவே வந்திருக்காது.

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கி 2020-ல் நின்றுவிட்டது. இயந்திரத்துக்கு ஆயுள் உண்டு, நிலக்கரிக்கும் அளவு உண்டு. காரைக்குடியில் அவர் போட்டது வேறு வகை முதலீடு. அங்கே 1985-ல் அவர் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகமும் உருவானது.

வேலை, சி.ஏ., வெளிநாடு... நம் கனவுகள் எல்லாம் நல்லவைதான். அவர் விமானம் ஓட்டக் கற்ற துணிச்சலும் நமக்கு வேண்டும். அதோடு மகமைக்கும் கணக்கில் ஒரு பக்கம் ஒதுக்குவோம், இப்போதே. பணம் இல்லையா? கணக்குப்பதிவியலில் திணறும் ஜூனியருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கலாமே. முதல் பதிவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதத் தொடங்குவதுதான் முக்கியம்.