இருவராகக் கப்பலேறுவது: டெக் டிக்கெட் முதல் சொகுசுக் கப்பல் வரை

நம் குடியிருப்பில் இருக்கும் ஒரு தம்பதியர் போன மாதம் மாலை நடைப்பயிற்சியின்போது என்னை நிறுத்தினார்கள். மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். மகன் இந்த ஆண்டுதான் கல்லூரி விடுதியில் சேர்ந்தான். வீட்டில் இப்போது இருவர் மட்டும்.

"சார், கல்யாணமாகி 25 வருஷம் ஆகுது. கப்பல்ல ஒரு டூர் போகலாம்னு இருக்கோம். பேங்க்ல கப்பல் பில்லெல்லாம் பார்த்தவர் நீங்க. எதுல போனா நல்லதுன்னு சொல்லுங்க" என்றார் கணவர்.

அவர் மனைவி சிரித்துக்கொண்டே, "பிள்ளைங்க இல்லாம நாங்க ரெண்டு பேர் மட்டும் போய் என்னண்ணா பண்ணப் போறோம்? நீங்களே சொல்லுங்க" என்றார்.

அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை இந்தக் காலாண்டு இதழுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் பழைய கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோல் போன வழி

வங்கியில் பல ஆண்டுகள் ஏற்றுமதி பில் பிரிவில் இருந்தேன். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் கம்பெனிகளின் பில் ஆஃப் லேடிங் தினமும் என் மேஜைக்கு வரும். கப்பலின் பெயர், ஏற்றிய தேதி, துறைமுகம், இவை எல்.சி.யில் உள்ளபடி இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான கப்பல்களின் பெயர் எனக்குப் பழக்கம். ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை.

நம் ஊர்ப் பொருள் கப்பலேறியது நேற்றல்ல. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல், 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பிறகு, முழுதாகப் பதனிட்ட தோல், அப்புறம் ஷூ என்று தொழில் வளர்ந்தது. தோலும் ஷூவும் கடல் கடந்துகொண்டே இருந்தன. அவற்றைச் செய்த கைகளும் கணக்கு எழுதிய கைகளும் பெரும்பாலும் இங்கேயே இருந்துவிட்டன.

ஆண் கப்பலில், பெண் கரையில்

போன மனிதர்களும் உண்டு. மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களில் பழைய வட ஆற்காடும் ஒன்று. 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தும்வரை அது நடந்தது. கடையில் வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் தனி.

அந்தத் தலைமுறைக்குக் கப்பல் என்றால் 'ரஜூலா'தான். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் 47 ஆண்டுகள் ஓடியது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்தது. டெக் டிக்கெட் என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம்தான் உங்கள் இடம்.

என் மனைவியின் தாத்தா 1930-இல் அப்படிப் பாயோடு போனவர். பினாங்கில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். நான்கு வருடத்துக்கு ஒருமுறை வந்து, சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போவார். வழியனுப்பப் பாட்டி ஜோலார்பேட்டை ஜங்ஷன் வரைதான் வருவார். சென்னைத் துறைமுகத்தைக் கடைசிவரை அவர் பார்க்கவில்லை. போர்க்காலத்தில் ஜப்பான் மலேயாவைப் பிடித்த பிறகு கடிதமும் நின்றுபோனது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலேயே பாட்டி நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு இருந்தார். தாத்தா பிழைத்து வந்தார், மறுபடியும் போனார், 1961-இல்தான் ஒரேயடியாக ஊர் திரும்பினார். 1969-இல் காலமானார்.

குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 41 வருட மணவாழ்க்கையில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது ஏறக்குறைய 11 வருடம். அந்தத் தாளை என் மனைவியிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் மடித்துத் தன் பீரோவில் வைத்துக்கொண்டார்.

ஏழைகளுக்கு மட்டும் நடந்ததல்ல இது. கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் 'நெவாசா' கப்பலில் ஏறினார். மனைவி ஜானகி ஊரிலேயே இருந்தார். அவர் திரும்பியது 1919-இல். மறு ஆண்டு ஏப்ரலில் மறைந்தார். ஜானகி அம்மாள் 1994 வரை வாழ்ந்தார். நம் கப்பல் வரலாற்றில் கணவனும் மனைவியும் சேர்ந்து, அதுவும் சும்மா சந்தோஷத்துக்காகப் பயணம் போனதாகத் தேடினால் அரிதாகத்தான் கிடைக்கும்.

குடை கொடுத்த கம்பெனி

டிக்கெட் விலை பற்றியும் நம் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள். போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் ஆக்கியது. பிறகு பிரிட்டிஷ் கம்பெனி இலவசமாக ஏற்றிக்கொண்டு, கூடவே ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1908-இல் வ.உ.சி. சிறை சென்றார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

நான் பி.காம். படித்தவன். இந்தக் கதையில் எனக்குத் தெரிவது ஒன்றுதான். எதையாவது மிக மலிவாகத் தருகிறார்கள் என்றால், அந்தச் செலவை வேறு எங்கே ஈடுகட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டும். இன்றைய 'ஒருவருக்கு ஒருவர் இலவசம்' விளம்பரத்துக்கும் இது பொருந்தும்.

சும்மா நின்ற கப்பலில் பிறந்த தொழில்

கப்பலில் உல்லாசப் பயணம் எப்படி வந்தது? ஜெர்மனியில் ஹாம்பர்க் கம்பெனியின் ஆல்பர்ட் பாலின் என்பவருக்கு ஒரு கவலை. குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடக்க ஆளில்லை. பெரிய கப்பல் சும்மா நிற்கிறது. செலவு மட்டும் நிற்கவில்லை. 1891 ஜனவரி 22 அன்று 'அகஸ்தா விக்டோரியா' கப்பலில் 241 பேரை ஏற்றி மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்ட அனுப்பினார். ஏறக்குறைய இரண்டு மாதப் பயணம், நல்ல வரவேற்பு. 1900-இல் உல்லாசப் பயணத்துக்கென்றே 'பிரின்ஸெஸின் விக்டோரியா லூயிஸ்' என்ற கப்பலைக் கட்டினார்கள். போய்ச் சேரும் ஊரைவிடக் கப்பலே முக்கியம் என்ற எண்ணம் அப்போது வந்தது.

1950-களின் இறுதியில் ஜெட் விமானம் வந்ததும் வழக்கமான பயணிகள் கப்பல்கள் உலகெங்கும் நலிந்தன. ரஜூலா 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது, பலர் இறந்தனர். சென்னை–சிங்கப்பூர் பயணிகள் கப்பல் அத்தோடு முடிந்தது.

இன்று நமக்கு முன் உள்ளவை

2022 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரெஸ்' சொகுசுக் கப்பல் புறப்பட்டது. 1990-இல் கட்டப்பட்ட கப்பல் அது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. இது உண்மையான உல்லாசக் கப்பல்: அறை, சாப்பாடு, ஆட்டம் பாட்டம் எல்லாம் உள்ளேயே.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் வந்தது. சில மணி நேரப் பயணம்தான். யாழ்ப்பாணம் பார்க்க நல்லது; உல்லாசக் கப்பல் என்று நினைத்துப் போகாதீர்கள்.

சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசுக் கப்பல் சுமார் மூன்று நாள் ஓடும். அது தீவு மக்களுக்கான போக்குவரத்து. எளிமையான சாப்பாடு, நேரம் மாறக்கூடும். கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்தவர்களுக்கு அருமை. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு அரசின் சுற்றுலாத் தொகுப்பும் உண்டு; அனுமதிச் சீட்டு வேண்டும். எதுவானாலும் இந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்த பிறகே மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள்.

இருவராகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கட்டணம் பெரும்பாலும் 'இருவர் ஓர் அறையில், தலைக்கு இவ்வளவு' என்று இருக்கும். துறைமுகக் கட்டணம், வரி, சேவைக் கட்டணம் சேர்த்து மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்.
2. பிள்ளைகள் வராததில் ஒரு லாபம்: பள்ளி விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டாம். பள்ளி நடக்கும் நாட்களில் கூட்டமும் குறைவு, பெரும்பாலும் விலையும் குறைவு.
3. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரபிக் கடல் கொந்தளிக்கும்.
4. தலைசுற்றல் உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டம் குறைவாகத் தெரியும். மூட்டு வலி என்றால் லிஃப்டுக்கு அருகில்.
5. வெளிநாடு என்றால் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மருத்துவக் காப்பீடு எடுங்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் செலவு நம்முடையது.

கடைசியாக என் கணக்கு

2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற கப்பல் தொடங்கியது. செய்தித்தாளில் பார்த்ததும் என் மனைவி, "ஏங்க, நாம ரெண்டு பேரும் ஒருதடவை போயிட்டு வரலாமா?" என்று கேட்டார். அவர் இப்படி எதையும் கேட்கிறவர் அல்ல. அரையாண்டுக் கணக்கு முடியட்டும், மகளின் தேர்வு முடியட்டும், தீபாவளி கழியட்டும் என்றேன். நவம்பரில் கப்பல் நின்றுவிட்டது. பிறகு மகள் கல்யாணம், வீட்டுக் கடன், என் ஓய்வு, அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. பாட்டி காத்திருந்ததற்குக் காரணம் வறுமையும் போரும். என் மனைவி காத்திருந்ததற்குக் காரணம் நான்தான். எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்கு, "ரெண்டு பேர் மட்டும் போய் என்ன பண்ணப் போறோம்" என்பதற்கு, என் பதில் இதுதான் அம்மா: ஒன்றும் பண்ண வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். நமக்கு முந்திய தலைமுறைகளில் பல பெண்களுக்கு அது கிடைக்கவில்லை.

எங்கள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம். வரும் ஆண்டு சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் இருந்தால், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுப்பதாக முடிவு. இந்த முறை ஜோலார்பேட்டையில் இருவருமே ரயில் ஏறுகிறோம். உங்களில் யாருக்காவது விருப்பம் இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். அதே தேதியில் சேர்ந்தே போகலாம்.