எங்க லைனுக்கு வந்த குரல்

காப்பி பறிக்கையில் அம்மா உரக்கப் பாடினால் "என்னடி சத்தம்?" என்பான் மேஸ்திரி. ஏற்காட்டுத் தோட்டத்தில் நான் கேட்டு வளர்ந்த இசை விமர்சனம் அதுதான். அம்மா பாடியது எல்.ஆர். ஈஸ்வரி பாட்டு.

லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற ஈஸ்வரி, கிறிஸ்தவக் குடும்பத்தில் 1939-ல் பிறந்தவர். தாயைப் போலவே கோரஸில் நின்றவர். 1961-ல் 'பாசமலர்' அவரை முன்னுக்குக் கொண்டுவந்தது. ஜாஸ் சாயலில் விஸ்வநாதன் போட்ட கிளப் பாட்டுகளும் அவருக்கே வந்தன. குடும்பப் பெண்ணுக்குப் பெரும்பாலும் வேறு குரல். கிளப்பில் ஆடுகிறவளுக்கும், 'பணமா பாசமா'வில் (1968) எலந்தப்பழம் விற்கிறவளுக்கும் இந்தக் குரல். குரலுக்கும் சாதி பிரித்தது சினிமா.

ஆனா ஆடி மாசம் குழாய் ஸ்பீக்கரில் அம்மனைக் கூப்பிட அதே குரல்தான் வேணும். மேஸ்திரியும் கும்பிட்டு நிப்பான். அம்மா என் காதில் சொன்னாள்: "இப்ப மட்டும் சத்தமாத் தெரியலையாக்கும்!"