விக்டோரியா அணிச்சலும் தமிழர் உழைப்பும்

பினாங்குத் தீவின் மலைத்தொடருக்கு அப்பால், மேற்குத் திசையில் அமைந்த சிற்றூர் பாலிக் புலாவ். 'தீவின் பின்புறம்' என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். கிராம்பும் ஜாதிக்காயும் டுரியானும் விளையும் அவ்வூரில், தீபாவளி நெருங்கும் நாள்களில் தமிழர் இல்லங்களில் முறுக்கு பிழியும் ஓசையோடு முட்டை அடிக்கும் ஓசையும் கேட்கும். அதிரசம் வைத்த தட்டிலேயே அணிச்சலும் இடம்பெறுகிறது. கேக் என்று பேச்சிலும் அணிச்சல் என்று எழுத்திலும் வழங்கும் இப்பண்டம் நம் பாட்டியர் காலத்துப் பலகாரம் அன்று. இஃது எங்கிருந்து வந்தது? இதற்கும் நமக்கும் உள்ள உறவு யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது பயனுடையது.

முட்டையே எடைக்கல்

ஆங்கிலேயரின் வீட்டு அணிச்சல்களுள் புகழ்பெற்றது விக்டோரியா அணிச்சல். இரண்டு வட்டமான மெல்லணிச்சல்களைச் சுட்டு, இடையே பழப்பாகு தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பொடிச்சர்க்கரை தூவுவது அதன் அமைப்பு. 1861-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் திருமதி இசபெல்லா பீட்டன் வெளியிட்ட இல்லற நூலில் இதற்கான குறிப்பு உள்ளது. நான்கு முட்டைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றின் எடைக்குச் சரியாகச் சர்க்கரை, வெண்ணெய், மாவு ஆகிய ஒவ்வொன்றையும் நிறுத்துச் சேர்க்க வேண்டும். இதுவே அவர் கூறும் அளவு.

இவ்வளவின் நுட்பம் எண்ணத்தக்கது. தராசின் ஒரு தட்டில் முட்டைகளை வைத்தால், மறுதட்டில் மற்றப் பொருள்களை ஒவ்வொன்றாக நிறுத்துக்கொள்ளலாம், எடைக்கல்லே வேண்டுவதில்லை. இராத்தலும் கட்டியும் வழங்கிய மலாயாவில், 1970-களுக்குப் பின் கிலோகிராம் முறை பரவிற்று. அளவைகள் மாறியபோதும் இக்குறிப்பு மாறவேண்டிய தேவை எழவில்லை. முட்டை சிறிதாயின் அணிச்சலும் சிறிதாகும்; பெரிதாயின் பெரிதாகும்; விகிதம் மட்டும் பிழையாது.

வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து நன்கு குழைக்கும்போது சர்க்கரையின் கூரிய மணிகள் வெண்ணெயினுள் நுண்ணிய காற்றுக் குமிழிகளைப் புகுத்துகின்றன. அடுப்பின் வெப்பத்தில் அக்குமிழிகள் விரிகின்றன. முட்டையின் புரதமும் மாவின் மாப்பொருளும் வெந்து இறுகி, விரிந்த வடிவத்தை அப்படியே நிலைக்கச் செய்கின்றன. பீட்டன் அம்மையாரின் குறிப்பில் சோடாமாவுக் கலவை இல்லை. அக்கலவையை பர்மிங்காம் நகரத்து ஆல்பிரட் பேர்ட் 1843-இல் உருவாக்கியிருந்தார். ஈரமும் வெப்பமும் பட்டவுடன் கரியமில வாயுவை வெளியிடும் அப்பொடி பின்னர் இல்லந்தோறும் பரவியது. கைவலிக்கக் குழைக்கும் வேலையும் ஓரளவு குறைந்தது.

குளிர்நாட்டில் வகுத்த முறை வெப்பநாட்டில் ஓர் இடர்ப்பாட்டைச் சந்தித்தது. பினாங்கின் நண்பகல் வெப்பத்தில் வெண்ணெய் உருகிவிடும். உருகிய வெண்ணெய் காற்றைப் பிடித்து வைக்காது. அணிச்சல் எழும்பாமல் களியாகிவிடும். ஆதலின், விடியற்காலையில் குழைப்பதும் கிண்ணத்தைக் குளிர்ந்த நீரில் வைத்துக் குழைப்பதும் இங்கே ஏற்ற வழிகள். கரியடுப்பில் சுடுவோர் கீழே தணலும் மூடியின்மேல் தணலும் இட்டுச் சுடுவர்.

மேலே கூறிய தணல்முறை இந்நாட்டிற்குப் புதியதன்று. மலாய்க்காரரின் பாவுலு என்னும் சிறு பலகாரம் அவ்வாறுதான் சுடப்படுகிறது. 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரின் 'போலோ' என்ற சொல்லே பாவுலு ஆயிற்று என்பர். ஈழத்தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்பதும் போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்ததே. பாவுலுவில் வெண்ணெய் இல்லை. முட்டையையும் சர்க்கரையையும் நுரைபொங்க அடித்து மாவைக் கலப்பதோடு சரி. வெண்ணெய் அரிதாகவும் விரைவில் உருகுவதாகவும் இருந்த நாட்டில் அது வேரூன்றியதில் வியப்பில்லை.

பெயரைப் பற்றிய கதை

விக்டோரியா அணிச்சலுக்கு அப்பெயர் வந்ததைப் பற்றி ஒரு கதை பலரால் கூறப்படுகிறது. கணவர் ஆல்பர்ட் இறந்தபின் அரசியார் துயருற்று ஆஸ்பர்ன் மாளிகையில் ஒதுங்கி வாழ்ந்தார். அங்கு நடந்த தேநீர் விருந்துகளில் இவ்வணிச்சல் பரிமாறப்பட்டதால் அவர் பெயரைப் பெற்றது என்பது அக்கதை. கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால், ஆல்பர்ட் இறந்த நாள் 1861 டிசம்பர் 14. பீட்டன் அம்மையாரின் நூலோ அதற்கு முன்பே அச்சேறிவிட்டது. அதிலேயே விக்டோரியாவின் பெயர் இருக்கிறது. விளைவு முன்னும் காரணம் பின்னும் நிகழ்தல் இயலாது. ஆகவே, அக்கதையை அப்படியே ஏற்பதற்கில்லை. நாம் நாள்தோறும் கேட்கும் செய்திகளையும் இவ்வாறே ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை மாணவர்கள் கைக்கொள்வது நன்று.

சர்க்கரையின் விலை

இனி, அணிச்சலின் உயிர்நாடியான சர்க்கரைக்கு வருவோம். ஐரோப்பாவின் பழைய இல்லங்களில் சர்க்கரை மருந்துபோல் சிறிதளவே பயன்பட்ட பொருள். 1800-இல் பிரிட்டனில் ஓர் ஆள் ஓராண்டில் உண்ட சர்க்கரை சுமார் 18 இராத்தல். 1900-ஐ ஒட்டி அது சுமார் 90 இராத்தலாகப் பெருகியது. அமெரிக்க மானிடவியல் அறிஞர் சிட்னி மின்ட்ஸ் 1985-இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். 1874-இல் பிரிட்டன் சர்க்கரை மீதான தீர்வையை அறவே நீக்கியது. செல்வர் வீட்டுப் பண்டம் தொழிலாளி வீட்டு மேசைக்கும் வந்தது.

சர்க்கரை மலிந்தது எவ்வாறு? மேற்கிந்தியத் தீவுகளில் நெடுங்காலம் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பு வெட்டினர். பிரிட்டிஷ் குடியேற்றங்களில் 1834-இல் அடிமைமுறை ஒழிந்தது. அவ்வாண்டு முதலே மொரீசியசின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற 'டுரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்களை அது கொண்டு சென்றது. பீட்டன் அம்மையாரின் நூல் வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டில் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

பினாங்கின் எதிர்க்கரையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1800-இல் ஆங்கிலேயர் வசமான வெல்லெஸ்லி மாநிலத்தில், அதாவது இன்றைய செபராங் பிறையில், முதலில் சீனர்கள் கரும்பு பயிரிட்டனர். 1840-களில் ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டங்களை அமைத்தனர். பத்து காவான், நிபோங் திபால் வட்டாரங்கள் கரும்புக் காடாயின. அவற்றில் உழைக்க நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறினர் தமிழர். கப்பற் கட்டணமே அவர்கள் தலையில் கடனாக ஏற்றப்பட்டது. கூலியிலிருந்து அது பிடிக்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்குவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1872-இல் இந்திய அரசு சட்டம் இயற்றி இக்குடியேற்றத்தை ஒழுங்குபடுத்த முற்பட்டது. மலாயாவில் ஒப்பந்தமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ அக்காலத்திலேயே கரும்பு மறைந்து இரப்பர் அவ்விடத்தைப் பிடித்தது.

பீட்டன் அம்மையாரின் கிண்ணத்தில் விழுந்த சர்க்கரை இன்ன தோட்டத்தில் விளைந்தது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. எனினும், விக்டோரியா காலத்து மேசையை இனிப்பாக்கிய உழைப்பில் தமிழர் கையும் சேர்ந்திருந்தது என்பதில் ஐயமில்லை. அணிச்சலோடு பருகிய தேநீரும் அவ்வாறே. 1867-இல் இலங்கையின் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதன்பின், அங்கே கொழுந்து பறிக்கும் தொழில் பெரிதும் தமிழ்ப் பெண்களுடையதாயிற்று.

பாலிக் புலாவின் மலைச்சரிவுகளும் இத்தகைய வாணிகத்திற்குச் சான்றாக நிற்கின்றன. 1796-இல் ஆங்கிலேயர் மொலுக்காஸ் தீவுகளைப் பிடித்தபின், கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டபர் ஸ்மித் அங்கிருந்து ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளைப் பினாங்குக்குப் பெருந்தொகையாக அனுப்பினார். 1860-களில் நோய் தாக்கி ஜாதித்தோட்டங்கள் பெரிதும் அழிந்தன. ஆயினும் பாலிக் புலாவில் ஜாதிமரம் இன்றும் காய்க்கிறது. பழைய ஆங்கில அணிச்சல்களில் ஜாதிக்காய்த் தூள் இட்டனர். விக்டோரியா அணிச்சலிலோ அது இல்லை. சர்க்கரை மலிந்த காலத்துப் பண்டம் அது. இனிப்பு ஒன்றே அதற்குப் போதுமானதாயிற்று.

கோபுரமும் கிண்ணமும்

ஜார்ஜ் டவுன் கடற்கரை அருகே விக்டோரியா அரசியார் நினைவு மணிக்கூண்டு நிற்கிறது. அவர் ஆட்சியின் அறுபதாம் ஆண்டு நிறைவைக் குறிக்கச் சியா சென் இயோக் என்னும் சீனச் செல்வர் தம் பொருளில் எழுப்பிய அக்கோபுரத்தின் உயரம் 60 அடி, ஓராண்டுக்கு ஓரடி. 1902-இல் அது முடிவுற்றபோது அரசியார் உயிரோடு இல்லை. அரசியார் ஆண்ட ஆண்டுகளை அக்கோபுரம் கணக்கிட்டுக் காட்டுகிறது. அதே ஆண்டுகளில் எதிர்க்கரையில் கரும்பு வெட்டியோரின் பெயர்களை அது கூறவில்லை.

அணிச்சல் அயலார் பண்டம் என்று வெறுப்பதும் தவறு. அதைச் சுட்டால்தான் மதிப்பு என்று மயங்குவதும் தவறு. அதில் பிறர் கண்டறிந்த முறையும் உண்டு. நம் முன்னோர் சிந்திய வியர்வையும் உண்டு. அடுத்த தீபாவளிக்கு முட்டைக்கு நேராகச் சர்க்கரையை நிறுக்கும்போது, அருகில் நிற்கும் பிள்ளைக்குப் பெற்றோர் இவ்வரலாற்றையும் சொல்லலாம். தராசில் ஏறும் சர்க்கரைக்கு யார் யார் என்ன விலை கொடுத்தனர் என்பதை அறிந்து உண்பதே அவ்வுழைப்பாளர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.