மருத்துவ நுழைவுத் தேர்வும் நூல் தேர்வும்

மருத்துவக் கல்லூரியில் இடம் பெற விழையும் மாணவன் எந்நூல்களைக் கற்க வேண்டும் என்னும் வினா இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பல வீடுகளில் எழுகின்றது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி மருத்துவமனைகளுக்குச் செல்கின்றது. அதை நெய்வோரின் மக்களும் அங்கே மருத்துவராய்ச் செல்ல வேண்டுமன்றோ? எனவே இவ்வினாவின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

சென்னையில் மருத்துவப் பள்ளி 1835இல் தொடங்கியது. 1850இல் அது கல்லூரியாக உயர்ந்தது. அங்கே பாடமொழி ஆங்கிலம். அதே நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வேறொரு முயற்சி நடந்தது. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பின்னர் 1860களில், தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். கற்பிக்க நூல்கள் இல்லை. கிடைத்த நூல்களையெல்லாம் அவர் மொழிபெயர்க்க முற்படவில்லை. உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியியல் என இன்றியமையாத துறைகளுக்குத் தக்க நூல்களைத் தெரிந்தெடுத்தார், மாணாக்கர் துணையுடன் அவற்றைத் தமிழாக்கினார், கலைச்சொற்களையும் தொகுத்தார். கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயருடன் 1872இல் வெளிவந்தது. தேவையறிந்து நூல் தெரிதல், சொல்லின் பொருளை ஐயமறத் தெளிதல் ஆகிய இரண்டும் அவர் நமக்கு விட்டுச் சென்ற பாடங்கள்.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு 1984இல் வந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீங்கி, மேனிலை வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2013இல் அறிமுகமான ‘நீட்’ தேர்வை அவ்வாண்டே உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 2016இல் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. 2017 முதல் தமிழ்நாட்டு மாணவரும் அத்தேர்வை எழுதலாயினர். அதன் அடிப்படை, மைய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டம். மாநிலப் பாடநூல்கள் 2018இல் பதினோராம் வகுப்புக்கும் 2019இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதுக்கப்பட்டன. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2022இல் விருதுநகரில் 150 இடங்களுடன் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நம் மாவட்டத்தார்க்கு வாயில் அணித்தாயிற்று.

இத்தேர்வு வேண்டுமா, வேண்டாவா என்னும் வாதத்தைச் சான்றோர் நிகழ்த்தட்டும். எழுதவிருக்கும் மாணவனுக்கு இன்று தேவை நூல். ஏழைத் தந்தை கடன் பெற்றுப் பருத்த வழிகாட்டி நூல்களை அடுக்குவதால் மட்டும் பயனில்லை. 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கெனப் பாடத்திட்டம் திருத்தப்பட்டபோது, ‘செரிமானமும் உறிஞ்சுதலும்’, ‘கனிம ஊட்டம்’ முதலிய உயிரியல் பாடங்கள் நீக்கப்பட்டன. பழைய வழிகாட்டியை விலை மலிவென்று வாங்கிய மாணவன், கேட்கப்படாத பாடத்தில் பொழுதைக் கழிப்பான். ஆகவே முதலில் அவ்வாண்டுப் பாடத்திட்டத்தைப் பெறுக. அதனோடு ஒப்பிட்டபின் நூலை வாங்குக.

2025ஆம் ஆண்டுத் தேர்வில் வினாக்கள் 180. அவற்றுள் உயிரியலுக்கு 90, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தனித்தனியே 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண். பிழைக்கு 1 குறையும். என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் நூலை வரிவரியாகப் பலமுறை பயில்க. இயற்பியலிலும் வேதியியலிலும் பாடநூலுடன் ஒரு கணக்குப் பயிற்சி நூல் போதும். பின்னர் முந்தைய ஆண்டு வினாத்தாள்களை நேரம் குறித்து எழுதிப் பார்க்க. பாடநூல்கள் அரசு இணையதளங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன.

தமிழில் எழுதுவோர்க்கு மற்றுமொன்று. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்புப் பிழைபட்டதெனக் கூறி, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கப் பணித்தது; அவ்வாணையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழின் ஆங்கில வினாவே இறுதியென்பது தேர்வு விதி. ஆதலால் மாநிலப் பாடநூலைத் தமிழில் கற்குங்கால், ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் நேரான ஆங்கிலச் சொல்லை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. மானிப்பாயில் அறிஞர் கிறீன் செய்த பணியின் ஒரு சிறு பகுதியை ஒவ்வொரு மாணவனும் தனக்கெனச் செய்துகொள்ளலாம். அக்குறிப்பேட்டுக்கு ஆகும் செலவு சில ரூபாய்களே.