சாம்பலில் மறைந்த மொழி

இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவில் தம்போரா என்னும் எரிமலை உண்டு. 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் மாலையில் அது பெருமுழக்கத்துடன் வெடித்தது. ஜாவாவை அப்போது ஆண்டுகொண்டிருந்த ஆங்கிலேயர் அதனைப் பீரங்கி ஒலி என்றே கொண்டனர். அண்டையிலுள்ள காவல் நிலையம் தாக்கப்பட்டதெனக் கருதி ஜோக்ஜகர்த்தாவினின்று படை புறப்பட்டது. ஆபத்துற்ற கப்பலைத் தேடிக் கரையோரம் படகுகளும் சென்றன. மறுநாள் காலை மெல்லிய சாம்பல் வீழ்ந்த பின்னரே உண்மை புலனாயிற்று.

பேரழிவு நேர்ந்தது 10-ஆம் நாள் இரவில். மூன்று நெருப்புத் தூண்கள் எழுந்து வானில் ஒன்றாய்க் கலந்ததைச் சங்கார் அரசர் கண்டார். கொதிக்கும் வாயுவும் சாம்பலும் சரிவில் பாய்ந்து, மலையடியில் இருந்த தம்போரா, பேக்காட் என்னும் இரு சிற்றரசுகளையும் அடியோடு அழித்தன. ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வரை பகலும் இருண்டு கிடந்தது. 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்த மலை இன்று ஏறத்தாழ 2,850 மீட்டரே.

தீயினும் கொடிதாயிற்று சாம்பல். அது பயிரை மூடிற்று, நீரைக் கெடுத்தது. வெடிப்பில் மாண்டாரினும் பசியாலும் நோயாலும் மாண்டார் பன்மடங்கினர். அரிசியுடன் அனுப்பப்பட்ட லெப்டினென்ட் ஓவன் பிலிப்ஸ், சங்கார் அரசரின் மகளே பசியால் இறந்த செய்தியை அறிவித்தார்.

அவரை அனுப்பியவர் ஜாவாவின் துணை ஆளுநராயிருந்த ராபிள்ஸ். 1819-இல் சிங்கப்பூருக்கு வந்த அவரேதான். அவர் 1817-இல் வெளியிட்ட ஜாவா வரலாற்று நூலில் பல தீவுகளின் சொற்பட்டியல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று தம்போரா மக்களுடையது. வெடிப்பிற்கு முன் தொகுக்கப்பட்ட அப்பட்டியலில் ஐம்பது சொற்கள்கூட இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்பவற்றுக்குச் 'சீன', 'கலே', 'நி' என்று அதில் காண்கிறது. (இவ்வொலிகளைக் கொண்டு நம் மொழியோடோ பிறர் மொழியோடோ உறவு நாட்டப் புகுவது வீண் வேலை.) அது மலாய், ஜாவானிய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று என்றும், நெடுந்தொலைவிற்குக் கிழக்கேயுள்ள பாப்புவ மொழிகளின் பக்கம் வைத்து எண்ணத்தக்கது என்றும் இக்கால மொழியறிஞர் கருதுகின்றனர். அங்ஙனமாயின், மேற்கெல்லையில் தனித்து நின்ற ஒரு பழங்குடியின் மொழி அது.

2004-இல் ஆய்வாளர் சாம்பலை அகழ்ந்தபோது ஒரு வீடும், உள்ளே இருவர் எலும்புகளும் வெளிப்பட்டன. அவர்கள் பேசிய மொழியிலிருந்து ஒரு முழு வாக்கியமேனும் நமக்குக் கிடைக்கவில்லை.